எத்தனை கிலோ ஸ்பிரிங்? காயிலோவர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2012-இல் வந்த டொயோட்டா 86 போன்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் காயிலோவர் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘வண்டி எவ்வளவு இறங்கும்?’ என்பதைத்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது, அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் உயரம் கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. முதல் கேள்வி ஸ்பிரிங்கின் விறைப்பு.

காயிலோவர் என்றால், ஷாக் அப்சார்பரின் உடம்பைச் சுற்றியே ஸ்பிரிங்கை மாட்டிய அமைப்பு. 86-இன் முன்பக்கத்தில் கம்பெனியிலிருந்து வருவதும் அப்படித்தான் இருக்கிறது. தனியாக வாங்கும் காயிலோவரில் கூடுதலாக, உடம்பில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் திருகி ஏற்றலாம், இறக்கலாம்.

இதெல்லாம் டயருக்காக. டயருக்கு ஒரு குணம் உண்டு: மேலே விழும் எடை இரு மடங்கானாலும் பிடிப்பு இரு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே மேடுபள்ளத்தில் எடை ஏறி இறங்கித் துள்ளினால், சராசரி எடை அப்படியே இருந்தாலும் பிடிப்பு போகிறது. அந்தத் துள்ளலைக் குறைப்பதுதான் சஸ்பென்ஷனின் வேலை. ‘விறைப்பாக இருந்தால்தான் வேகம்’ என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. வழுவழுப்பான ரேஸ் டிராக்கில் வண்டியை அசையாமல் பிடிக்கும் ஸ்பிரிங், 20.8 கி.மீ. நீளமுள்ள ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தின் மேடுகளில் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

86-இன் எடை சுமார் 1,240 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்தால், முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தாங்குவது ஏறக்குறைய 300 கிலோ. ஜப்பானியத் தயாரிப்புகளில் விறைப்பைக் கிலோவில் சொல்வார்கள்: ‘5 கிலோ ஸ்பிரிங்’ என்றால் 1 மி.மீ. அமுக்க 5 கிலோ வேண்டும். அதைப் போட்டால் வண்டியின் முன்பக்கம் நொடிக்குச் சுமார் 2 முறை ஆடும். 10 கிலோ போட்டால் ஏறத்தாழ 2.9 முறை. சொகுசுக் கார்கள் 1 முதல் 1.5-க்குள் இருக்கும். தினமும் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்குப் போகிறவருக்கு 2-ஐ ஒட்டியே நிற்பது நல்லது என்பது என் கருத்து.

பின்பக்கத்தில் கணக்கு வேறு. அங்கே ஷாக்கும் ஸ்பிரிங்கும் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையின் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7.5 மி.மீ. அளவுக்குத்தான் அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் உணரும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கம், அதாவது 0.56 மடங்கு. 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்துக்கு 3.4 கிலோதான். பின்னால் பெரிய எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5 கிலோ ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ ஏறினால் 60 மி.மீ. அமுங்கும். வண்டி ஏறுமுன்பே வளையத்தைத் திருகி 10 மி.மீ. அமுக்கி வைத்தால், அதில் 50 கிலோ ஏற்கெனவே தேங்கிவிட்டது. மீதி 250 கிலோ இன்னும் 50 மி.மீ. அமுக்கும். மொத்தம் அதே 60. வண்டி 10 மி.மீ. உயர்ந்ததே மிச்சம், விறைப்பு இம்மியும் மாறவில்லை. ஷாக்கின் அடிப்பகுதியையும் தனியே திருகி உயரம் மாற்றும் வகையை நான் விரும்புவது இதனால்தான்: ஸ்பிரிங்கைத் தொடாமலே உயரத்தைச் சரிசெய்யலாம்.

ஸ்பிரிங் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆட்டத்தை அடக்குவது ஷாக்தான். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி, மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டு போகவைத்து, சக்தியை வெப்பமாக்குகிறது. ஸ்பிரிங் இரு மடங்கு விறைத்தால், அதே அளவு அடக்க ஷாக்கின் எதிர்ப்பும் 1.4 மடங்காக வேண்டும். பழைய ஷாக்கில் புது ஸ்பிரிங்கை மட்டும் போட்ட வண்டி தவளைபோலத் தாவுவது இதனால். ஷாக்கின் மேலே உள்ள, எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நிற்கும்வரை மூடி, அங்கிருந்து ‘டிக், டிக்’ என்று எண்ணித் திறப்பது வழக்கம். பல ஷாக்குகளில் இந்தக் குமிழ் பெரும்பாலும் விரிவதைத்தான் கட்டுப்படுத்தும். மிகவும் மூடிவிட்டால், அடுத்த மேடு வருமுன் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் வண்டி மேட்டுக்கு மேடு அமுங்கிக்கொண்டே போகும்.

இப்போது உயரம். 86-இன் முன்பக்கத்தை அளவுக்கு மீறி இறக்கினால் கீழ்க் கை சக்கரத்துப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, எடைமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்ந்த வண்டி அதே ஸ்பிரிங்கில் வளைவில் அதிகமாகவே சரியும்! கூடவே அமுங்குவதற்கான இடமும் குறைகிறது. ஷாக் முழுதாக அமுங்கிவிடாமல் காக்கும் ரப்பர் தடுப்பில் முட்டிய நொடியில் விறைப்பு பல மடங்காக எகிற, அந்த மூலையில் டயர் வழுக்கும்.

முட்டுகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஷாக்கின் தண்டு வெளியே தெரிகிற வகையென்றால், அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, டை எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தடுப்புவரை ஏறி, ரப்பரில் தடம் பதித்திருந்தால் வண்டியை 5 மி.மீ. உயர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.