கல்லடியின் புள்ளி எங்கே போனது?

கல்லடியில் உள்ள ஒரு வாசிகசாலையின் அங்கத்தவர் பட்டியல் லினக்ஸ் கணினி ஒன்றின் தரவுத்தளத்தில் இருந்தது. அதை, நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் உரைக்கோப்பான சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து விண்டோஸ் கணினியில் திறந்தபோது, 'கல்லடி' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் வரிசைகட்டி நின்றன. தமிழ் அழிந்துவிட்டதென்று பொறுப்பாளர் பதறினார். ஒன்றும் அழியவில்லை.

கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. 0 முதல் 255 வரையான எண்களே இருக்கின்றன; ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எந்த எண் எந்த எழுத்து என்பதைத் திறக்கும் மென்பொருள்தான் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவுசெய்கிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில், எழுத்து, புள்ளி, உயிர்க்குறி என நாம் எழுதும் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'க' என்பது 224, 174, 149. விண்டோஸில் இருந்த விரிதாள் மென்பொருளான எக்செலோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பழைய அட்டவணையை எடுத்துக்கொண்டது. அதில் 224 சாய்கோட்டு 'ஏ', 174 வட்டத்து 'ஆர்', 149 ஒரு கரும்புள்ளி. தமிழ்க் குறிகள் எல்லாம் 224இல் தொடங்குவதால்தான் அந்த 'ஏ' விடாமல் தலைகாட்டுகிறது. இந்தக் கோலம் தெரிந்தால் நிம்மதி கொள்ளலாம். வெறும் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலை: ஏற்றுமதியின்போதே எழுத்துகள் தொலைந்திருக்கும்.

உண்மையான ஆபத்து, அந்தக் கோலத்திலேயே சேமிப்பதில் இருக்கிறது. 'கல்லடி'யில் க, ல, புள்ளி, ல, ட, இகரக் குறி என ஆறு குறிகள், 18 பைட். அவற்றில் புள்ளி மட்டும் 224, 175, 141. 1252 அட்டவணையில் 141க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. சில மென்பொருள்கள் அதைக் கேள்விக்குறியாக்கும், சில தூக்கி எறிந்துவிடும். உகரக் குறியின் கடைசி பைட்டான 129க்கும் அதே கதி. 'மட்டக்களப்பு' என்ற பெயரில் புள்ளி மூன்று, உகரம் ஒன்று. நான்கும் போனால் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள்.

ஆகவே சேமிக்காமல் மூடிவிடுங்கள். எக்செலில் தரவுப் பட்டி வழியாகக் கோப்பை உள்ளிழுத்து, எழுத்துமுறையாக 65001 என்ற எண்ணுடன் இருக்கும் யூடிஎஃப்-8ஐத் தெரிவுசெய்தால் தமிழ் திரும்பிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே 'ம' தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது ஆங்கில 'கே'. அவற்றை முதலில், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

திரும்பும் வழியில் இன்னொரு சிக்கல். விண்டோஸில் திருத்திய பட்டியலை லினக்ஸுக்கு ஏற்றியபின் 'கல்லடி' என்று தேடினால் ஒருவர்கூட அகப்படவில்லை. கண்ணுக்கு ஊர்ப்பெயர் சரியாகவே தெரிந்தது. பைட்டுகளை எண்ணிப் பார்த்தபோது 18 அல்ல, 19. கூடுதலாக ஒட்டியிருந்தது 13.

பழைய தொலைதட்டச்சு இயந்திரங்களில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை, 13. தாளை ஒரு வரி நகர்த்த இன்னொன்று, 10. வரி முடியும் இடத்தில் விண்டோஸ் இரண்டையும் எழுதுகிறது, லினக்ஸ் 10ஐ மட்டும். ஊர்ப்பெயர் கடைசி நிரலில் இருந்ததால் மிஞ்சிய 13 அதனுடன் ஒட்டிக்கொண்டது. இறக்குமதிக் கட்டளையில் வரி முடிவு 13, 10 இரண்டும் சேர்ந்தது என்று குறிப்பிட்டு மறுபடி ஏற்றியதும் கல்லடி அங்கத்தவர்கள் அனைவரும் தேடலில் வந்தார்கள்.