கருக்கலில் கேமராவோடு மலையேறுகிறவர்களுக்கு

அந்த லென்ஸ் கல்லில் மோதிய சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனில், மைதோ உச்சியின் விளிம்பில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு ஆழம் என்று தெரியும். கீழே மஃபாத் பள்ளத்தாக்கு. சுமார் ஆயிரம் மீட்டர் செங்குத்து.

லென்ஸுக்குச் சொந்தக்காரர் புதுச்சேரியிலிருந்து ரீயூனியனுக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தவர். பாதுகாப்புக் கம்பி முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு புதரும் படத்தில் விழ வேண்டும் என்று, "அண்ணே, இன்னும் ரெண்டு அடி பின்னால போறேன்" என்றபடி வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தார். வேர் தடுக்கியது. நல்லவேளை, பக்கவாட்டில் விழுந்தார். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. மாற்றுவதற்காகக் கையில் வைத்திருந்த லென்ஸ் மட்டும் உருண்டு போனது. அவரை அழைத்துப் போனவன் நான். அந்த நேரத்தில் என் கண் என் கேமரா திரையில் இருந்தது. கிளம்பவே கால் மணி நேரம் தாமதம், விடியல் வெளிச்சம் போய்விடுமே என்ற பரபரப்பு.

இதே தீவில் சேன் போல் ஊரில் கல்யாணப் படமும் சுற்றுலாப் படமும் எடுத்துப் பிழைப்பவன் நான். வாரத்தில் ஒரு நாளாவது விடியலுக்கு மலைக்குப் போகிறேன். நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இருட்டால் வந்தவை அல்ல, அவசரத்தால் வந்தவை.

இந்தத் தீவில் அவசரம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வெப்ப மண்டலத்தில், தென் அகலாங்கு 21 டிகிரியில் இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக ஏறும். தரை கண்ணுக்குத் தெரியுமளவு வெளுத்ததிலிருந்து அது எழ அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் காலை ஒன்பது, பத்து மணிக்குள் கடலோரத்திலிருந்து மேகம் சரிவில் ஏறி வந்து மஃபாத்தை மூடிவிடும். தாமதமாக வந்தவருக்கு வெள்ளைச் சுவர்தான் மிச்சம். இது தெரிந்ததால்தான் எல்லோரும் ஓடுகிறார்கள்.

ஓடாமல் இருக்க ஒரே வழி, முதல் நாள் பகலிலேயே அங்கே போய்வருவது. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. பார்க்க வேண்டியது காட்சியை அல்ல, தரையை. முக்காலியின் மூன்று காலும் எங்கே ஊன்றும், வேர் எங்கே, உதிர்கிற கல் எங்கே, விளிம்பு எத்தனை தப்படி தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிமலைக் கல் நம்பக் கூடாத கல், மழைக்கு அடுத்த நாள் இன்னும் மோசம். மூடப்பட்ட பாதை என்று பலகை இருந்தால் அது மூடப்பட்ட பாதைதான். விளிம்பு முதுகுப்புறம் வரும் இடம் என்றால், முக்காலியை ஊன்றிய பிறகு என் பையை எனக்கும் விளிம்புக்கும் நடுவே வைப்பேன். பின்னால் நகர்ந்தால் முதலில் காலில் பை இடிக்கும்.

சூரியன் வரும் திசையும் பகலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மைதோவில் நாம் கிழக்கைப் பார்த்து நிற்கிறோம். டிசம்பரில் சூரியன் பித்தோன் தெ நேஜ் பக்கமாக எழும். 3000 மீட்டருக்கு மேற்பட்ட அந்த மலையைத் தாண்டி வர, கைபேசிச் செயலி காட்டும் உதய நேரத்துக்கு மேல் இருபது நிமிடம் போல ஆகும். ஜூனில் அதற்கு நன்றாக இடப்புறம் தள்ளி எழும். செயலி சொன்ன நிமிடத்தில் சூரியன் வரவில்லை என்று இடம் மாற்றிக்கொண்டு இருட்டில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளிரைச் சிலர் அலட்சியப்படுத்துகிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கடற்கரையில் 20 என்றால் 2200 மீட்டர் உயர மைதோவில் ஐந்து, ஆறு. விரல் மரத்துப் போனால் திருகு திருகாது. பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். தெளிந்த வானத்தின் கீழ் லென்ஸ் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனி பூக்கும். முதலில் கண்ணுக்கே தெரியாது, விளக்குகளைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் அதுதான். சூடு தரும் சிறு பொட்டலத்தை லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: குளிர்ந்த கேமராவைக் கடற்கரையின் ஈரக்காற்றில் திறந்தால் வியர்த்துவிடும். மேலேயே பைக்குள் வைத்து இறுக மூடி, வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

இன்னொன்று, திரை ஏமாற்றும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இருண்ட படம்கூடப் பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி படம் கறுப்பு. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டும் நம்புங்கள். ஃபோகஸுக்கு, பள்ளத்தாக்கின் அடியில் ரோஷ் பிளாத் கிராமத்தில் எரியும் ஒற்றை விளக்கைத் திரையில் பெரிதாக்கிக் கையால் திருகுவேன். சாலையே இல்லாத ஊர். நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். அங்கே யாரோ எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் புதுச்சேரியில் மார்கழிக் கோலத்துக்கு எழும் அம்மாவின் ஞாபகம் வரும்.

தீவின் தெற்கே காப் மெஷான் கடல்முனையில் கடலைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குளிர்காலத்தில் தொலைதூரப் புயல்களின் அலை இங்கே காற்றே இல்லாத காலையிலும் வரும். சின்ன அலைகள் பல வந்த பிறகு பெரியது ஒன்று வரும். கருங்கல் பாறை இருட்டில் ஈரமா காய்ந்ததா என்று தெரியாது. டார்ச் அடித்துப் பாருங்கள், மினுங்கினால் அங்கே அலை வந்துபோகிறது. கால் மணி நேரம் தள்ளி நின்று பார்த்த பிறகே இடம் தேர்ந்தெடுங்கள். தனியாகப் போகாதீர்கள். அவசர எண் 112 இங்கே செல்லும், ஆனால் பள்ளத்தாக்கில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? சூரியன் எழுவதற்குச் சற்று முன் ஒரு முறை முதுகுப்புறம் திரும்பிப் பாருங்கள். மேற்கே கடலின்மேல் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் சொந்த நிழல். நிமிடத்துக்கு நிமிடம் அது கடலுக்குள் இறங்கும். எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பதால் அதைப் படமெடுப்பவர் குறைவு. அதற்குள் மஃபாத்தின் மடிப்புகள் தூரம் போகப் போக ஒன்றன்பின் ஒன்றாக மங்கி மங்கித் தெரியும். முதல் வெயில் எதிர்முகட்டின் விளிம்பை மட்டும் தொடும். நிதானமாக வந்தவருக்கு இரண்டையும் பார்க்க நேரம் உண்டு. மணிக்கட்டுக் கட்டோடு அதே மாதம் மறுபடி வந்த நம் புதுச்சேரிக்காரர் அன்று எடுத்தது அந்த நிழலைத்தான். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

கடைசியாக, இறங்கும் பாதை. மூன்று மணிக்கு எழுந்தவர் ஒன்பது மணிக்கு வெயில் ஏறிய காரில் கொண்டையூசி வளைவுகளை ஓட்டுகிறார். தூக்கம் அப்போதுதான் அழுத்தும். நாங்கள் இப்போது வண்டியை நிழலில் நிறுத்தி, ஃபிளாஸ்க்கில் மிச்சமிருக்கும் டீயைக் குடித்துவிட்டு, இருக்கையைச் சாய்த்து அரை மணி நேரம் தூங்குகிறோம். கண் விழிக்கும்போது பெரும்பாலும் மேகம் ஜன்னல் வரை வந்திருக்கும்.