சுவரோவியம்: மியூரல், கிராஃபிட்டி, ஸ்ட்ரீட் ஆர்ட்

சென்னைக் கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் 2020இல் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையப்பட்டன. டெல்லி லோதி காலனியிலும் இப்படித் தெருத்தெருவாக நின்று பார்க்கலாம். இவற்றைப் பற்றிப் பேசும்போது மியூரல், கிராஃபிட்டி, ஸ்ட்ரீட் ஆர்ட் என்று மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

மியூரலின் வேர், லத்தீனில் சுவரைக் குறிக்கும் 'மூருஸ்'. அதிலிருந்து பிறந்த 'மூராலிஸ்' என்றால் சுவருக்குரியது. முதலில் பெயரடையாக இருந்தது, பிறகு ஓவியத்தையே குறிக்கும் பெயராகிவிட்டது. தமிழில் சுவரோவியம். இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை.

ஃபிரெஸ்கோ இதில் ஒரு வகைதான். இத்தாலிய மொழியில் 'புதியது' என்று பொருள். சுண்ணாம்புச் சுதை காயும் முன்பே வண்ணம் தீட்டுவார்கள், சுதையோடு சேர்ந்து வண்ணமும் இறுகிவிடும். ஈரச்சுதை ஓவியம் எனலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் இந்த வகை. இன்றைய நகரச் சுவர்களில் இருப்பது காய்ந்த பூச்சின் மேல் அடித்த பெயின்ட். அதை ஃபிரெஸ்கோ என்பது பிழை.

சிக்கல் கிராஃபிட்டியில்தான். இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் கீறுதல். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயின் சுவர்களில் மக்கள் கீறி வைத்தவற்றுக்கு, 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். தமிழில் 'சுவர்க்கிறுக்கல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பெயரிலேயே இளக்காரம் வந்துவிடுகிறது. கீழடிப் பானை ஓடுகளில் உள்ள இதே வகைக் குறிகளைக் கீறல்கள் என்றுதானே சொல்கிறோம்? சுவர்க்கீறல் என்றால் வேர்ப்பொருளும் கெடாது, மதிப்பும் குறையாது. 'சுவரெழுத்து' நல்ல சொல்தான், ஆனால் அதைக் கட்சி விளம்பரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

எழுத்து என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழந்தமிழில் எழுதுவது என்றால் வரைவதும்தான். கண்ணுக்கு மை எழுதுவதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறது. வந்தவர்கள் படங்களைச் சுட்டிக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் இவன் காமன், இவள் ரதி, பூனையாக ஓடுகிறவன் இந்திரன் என்று விளக்குகிறார்கள். இன்று ஓவியத் தெருக்களைச் சுற்றிக்காட்டுவதும் இதே வேலைதான்!

ஸ்ட்ரீட் ஆர்ட் என்பது விரிந்த சொல். பெரிய ஓவியம், அச்சுத்தகடு (ஸ்டென்சில்) வைத்துத் தெளிப்பது, ஒட்டுப்படம் எல்லாம் அதில் அடங்கும். 'தெருக்கலை' என்றால் கூத்தும் நாடகமும் நினைவுக்கு வரும் என்பதால் வீதி ஓவியம் என்பதே சரி. 2021இல் எச்.ஐ.வி விழிப்புணர்வுக்காக சென்னை இந்திரா நகர் ரயில் நிலையத்தில் வரைந்த முகங்கள் வீதி ஓவியம், சுவரோவியமும்கூட. பாலத்தூணில் யாரோ ஸ்பிரே அடித்த கையொப்பம் சுவர்க்கீறல்.