1983 ஜூலையில் டெல்லியில் அச்சான ஒரு கடிதம்

போன மழைக்காலத்தில் ஒரு லாரி ஓட்டுநர் என்னைப் பார்க்க வந்தார். இரண்டு மாதமாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தியிருந்தார். ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) ஏறிக் கிடந்தது. காரணம் கேட்டேன். பேசாமல் கைப்பேசியை நீட்டினார்.

"இது அமெரிக்காக்காரன் லேப்ல உண்டாக்குன கிருமியாமே சார். அவனே கிருமிய விட்டுட்டு அவனே மருந்தும் விக்கிறான். அத நம்பி எப்படி முழுங்குறது?"

வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கதைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அது புறப்பட்ட இடமும் தெரியும், மாதமும் தெரியும்.

டெல்லியில் 'பேட்ரியாட்' என்றொரு நாளிதழ் இருந்தது. சோவியத் சார்புள்ள ஏடு. 1983 ஜூலையில், பெயர் சொல்லாத அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் எழுதியதாக அதில் ஒரு கடிதம் வந்தது. எய்ட்ஸ் கிருமி அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது, அடுத்து இந்தியாவுக்கு ஆபத்து என்றது கடிதம். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் அந்த வைரஸைப் பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டு அப்போது இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது 1986-இல். நம் நாட்டில் நோயைக் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே நோயைப் பற்றிய பொய் வந்து உட்கார்ந்துவிட்டது.

1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லிதரதூர்னயா கஸெத்தா' இதழ் அதைக் கையில் எடுத்தது. இந்தியப் பத்திரிகையே எழுதியிருக்கிறது என்று சான்று காட்டியது. சோவியத் தரப்பு தானே புதைத்ததைத் தானே தோண்டியெடுத்துக் காட்டிய வேலை இது. இந்தத் திட்டத்தைப் பற்றி அதற்கு முந்தைய மாதம் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. பல்கேரிய உளவுத்துறைக்கு அனுப்பிய தகவல் பிற்பாடு ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தது. கிழக்கு ஜெர்மனிப் பேராசிரியர் யாகோப் சேகல் கதைக்கு அறிவியல் சட்டை மாட்டினார். 1987 முடிவதற்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது அச்சாகியிருந்தது.

மக்கள் ஏன் நம்பினார்கள்? இதைத்தான் என்னோடு வேலை செய்யும் ஆலோசகர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஃபோர்ட் டெட்ரிக்கில் 1969 வரை உயிரியல் ஆயுதங்கள் உருவாக்கப்பட்டது உண்மை. அலபாமாவின் டஸ்கீகியில் சிஃபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் மருந்து தராமல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்ததும் உண்மை. அந்தக் காயத்தின் மேல்தான் பொய்யைக் கொண்டுபோய் ஒட்டினார்கள்.

இது கே.ஜி.பி.யின் வேலைதான் என்று அன்றைய ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் 1992-இல் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் கதையைப் போல ஊர் ஊராகப் போகவில்லை. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட கறுப்பின மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இது மனிதன் உண்டாக்கிய வைரஸ் என்றார்கள். இப்படிப்பட்ட நம்பிக்கை வலுவாக இருந்த ஆண்களிடம் ஆணுறைப் பழக்கம் குறைவாக இருந்தது. பனிப்போரில் எதிரி நாட்டை அவமானப்படுத்தச் செய்த காரியம், அந்தப் போருக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் உடம்பில் போய் இறங்கியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஓட்டுநரிடம் "எல்லாம் பொய்" என்று நான் சொல்லவில்லை. டஸ்கீகியைத்தான் முதலில் சொன்னேன். "அப்ப நான் பயந்தது தப்பில்லல்ல?" என்று நிமிர்ந்தார். தப்பே இல்லை என்றேன். பிறகு, 1959-இல் காங்கோவின் கின்ஷாசாவில் எடுத்துவைத்த ரத்தத்திலேயே இந்த வைரஸ் இருந்ததைச் சொன்னேன். மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தை 1970-களில்தான் வந்தது, சிம்பன்சி குரங்கிலிருந்து மனிதனுக்கு இது தாவியது அதற்கும் பல பத்தாண்டு முன்பு என்றேன்.

"மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கண்ணே."

திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தியாவில் தயாரித்தது.

எழுந்தவர் வாசலில் நின்றார். "இத அனுப்புனது எம் மச்சான் சார். அவனும் உங்ககிட்ட வர்ற ஆளுதான். மாத்திரைய விட்டுட்டான். அவனுக்கு என்ன சொல்ல?"

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் '1983 ஜூலை, டெல்லி' என்று எழுதிக் கொடுத்து, மச்சானைக் கையோடு கூட்டிவரச் சொன்னேன்.