கோட்டில் வரும் கொப்புளங்கள்

நான் தைத்துக் கொடுத்த கோட் ஒன்று சில மாதங்களிலேயே திரும்பி வந்தது. மார்புப் பக்கம் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. “நல்ல துணி என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டார் கொண்டுவந்தவர். துணி நல்ல துணிதான். வாஷிங் மெஷினில், அதுவும் வெந்நீரில் போட்டிருக்கிறார்.

கோட்டின் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே இன்னொரு துணி உண்டு. மார்பும் காலரும் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். சில கோட்டுகளில் அது தைத்து இணைத்த கேன்வாஸ்; பலவற்றில் பசையைச் சூட்டால் ஒட்டிய ஃபியூசிங். ஊறலும் சூடும் சேர்ந்தால் பசை விட்டுவிடும், கொப்புளம் கிளம்பும். மேல்துணி கம்பளியாக இருந்தால் வெந்நீரில் உருளும்போது இழைகள் பின்னிக்கொண்டு சுருங்கவும் செய்யும்.

சரி, தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் சுத்தம் செய்யும் டிரை கிளீனிங்? கொடுக்கலாம், ஆனால் போட்டுக் கழற்றும்போதெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் உருண்டு, அழுத்தமான இஸ்திரியும் வாங்கிக்கொண்டுதான் கோட் வெளியே வருகிறது. கறையோ வாடையோ இருந்தால் கொடுங்கள். எங்கே, என்ன கறை என்று சொல்லிக் கொடுங்கள். வியர்வைக் கறைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும், வெறும் கரைப்பானால் அது போய்விடாது. கோட்டையும் பேண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்று மட்டும் போய்வந்துகொண்டிருந்தால் நாளடைவில் இரண்டும் வேறு வேறு நிறமாகிவிடும்.

மற்ற நாட்களுக்கு ஒரு துணி பிரஷ் போதும். கழற்றியதும் தோள் அகலமான ஹேங்கரில் மாட்டி, மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒருநாள் காற்றாட விட்டால் கம்பளியின் கசங்கல் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். ஏதாவது சிந்தினால் வெள்ளைத் துணியால் ஒற்றியெடுங்கள். தேய்த்தால் கறை உள்ளே இறங்கும்.

எனக்கு உண்மையில் பயம் இஸ்திரிப் பெட்டிதான். நேரடியாக வைத்துத் தேய்த்தால் கம்பளி தட்டையாகிப் பளபளக்கும்; முழுதாகப் போக்குவது கஷ்டம். மேலே ஈரப் பருத்தித் துணி விரித்து, பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

அப்புறம், கிளீனிங்கிலிருந்து வரும் பிளாஸ்டிக் உறையை உடனே கழற்றிவிட்டுத் துணி உறை போடுங்கள். அழுக்கோடு பீரோவில் பூட்டாதீர்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வை படிந்த கம்பளி என்றால் விருந்து.

அந்தக் கோட்டைப் பிரித்து, மறுபடி ஒட்டிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. பேண்ட் மட்டும் பிழைத்தது. மெஷினில் இடம் போதாமல் அதை வெளியே வைத்துவிட்டாராம்.