கறையான் காட்டிய வைரம், கறையான் காக்கும் நன்னீர்

போட்ஸ்வானாவுக்குக் கடற்கரை கிடையாது. நாட்டின் பெரும்பகுதியைக் கலஹாரி மணல் மூடிக் கிடக்கிறது. 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டே ஒராப்பாவில் வைரம் கிடைத்தது.

பூமிக்குள் வெகு ஆழத்தில் உருவான வைரத்தை மேலே கொண்டுவந்தவை கிம்பர்லைட் எனும் எரிமலைப் பாறைக் குழாய்கள். ஜ்வானெங் என்ற இடத்தில் அந்தக் குழாய் பல பத்து மீட்டர் மணலுக்கு அடியில் புதைந்திருந்தது. துப்புக் கொடுத்தது கறையான். புற்று காயாமலிருக்க, ஈரம் தேடி அது மணலைத் துளைத்து இறங்கும். அப்படி அது மேலே கொண்டுவந்த மண்ணில், கடுகளவும் தேறாத கார்னெட், இல்மனைட் எனும் கனிம மணிகளும் இருந்தன. கிம்பர்லைட்டுக்கு அவை அடையாளம். அந்த மண்ணைச் சலித்துத் தடம் பிடித்தார்கள். 1982இல் திறந்த ஜ்வானெங், மதிப்பில் உலகின் முன்னணி வைரச் சுரங்கங்களில் ஒன்று.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வடமேற்கில் இருக்கிறது. அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, ஒக்கவாங்கோ ஆறாகக் கலஹாரிக்குள் வந்து விரிகிறது. சரிவு மிகக் குறைவு; பாப்பிரஸ் கோரைகளுக்கிடையே ஊர்ந்துவர மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் மழையே இல்லாத ஜூன், ஜூலையில் அங்கே வெள்ளம். அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது. அப்படியானால் நீரில் கரைந்து வந்து எஞ்சும் உப்பு எங்கே? கிழக்கே மக்கடிக்கடியில் பழைய பேரேரி வற்றி வெறும் உப்புவெளியாகிவிட்டது. அங்குள்ள சுவா படுகையில் இன்று சோடா சாம்பல் எடுக்கிறார்கள். ஒக்கவாங்கோ மட்டும் நன்னீராகவே இருக்கிறது.

விடை அதன் தீவுகளில். வெள்ளத்துக்கு மேல் தலைநீட்டும் கறையான் புற்றில் பறவைகள் போடும் விதை முளைத்து மரமாகிறது. வேர்கள் நீரை உறிஞ்ச, கரைந்திருந்த உப்பு தீவின் அடியிலேயே தங்குகிறது. சுண்ணமும் சிலிக்காவும் படிந்து தீவு உயர்ந்து அகல்கிறது. நடுவில் உப்பு ஏற ஏற அங்குள்ள மரங்கள் பட்டுப்போய், வெளுத்த தரையைச் சுற்றி மரவளையம் மட்டும் நிற்கும். அடர்ந்த உப்புநீர் மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது.

ஆகவே அந்த விளிம்பு மரங்களில் கைவைத்தால் போவது நிழல் மட்டுமல்ல. அவை இல்லாவிட்டால் உப்பு ஓடைகளுக்கே திரும்பும். ஆற்றைப் பகிரும் அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் 1994இல் கூட்டு ஆணையம் அமைத்திருக்கின்றன. ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று கணக்கிடும்போது, இந்த மரங்களுக்கான பங்கையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.