அந்த வார்த்தையை விட்டுவிடாதீர்கள்

"கண்ணாடிதானே உடைஞ்சது, போகட்டும் சார்" என்றார் கடைக்காரர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு சின்ன மளிகைக்கடை. இரவு ஒருவன் கல்லெறிந்துவிட்டு ஓடியிருக்கிறான். போலீஸ் அறிக்கையில் சொத்துச் சேதம் என்று மட்டும் இருந்தது. "எறிந்தபோது ஏதாவது சொன்னானா?" என்று கேட்டதும் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். நிறத்தையும் மதத்தையும் சேர்த்துத் திட்டியிருக்கிறான். கேமராவில் படம் உண்டு, ஒலி இல்லை. "அதை எப்படி சார் என் வாயால சொல்றது?"

வக்கீலாக நான் அடிக்கடி பார்ப்பது இந்தக் கூச்சத்தைத்தான்.

இனம், மதம் போன்றவற்றுக்காக ஒருவரைக் குறிவைத்துச் செய்வதை வெறுப்புக் குற்றம் என்கிறோம். அதற்காக ஜார்ஜியா 2000இல் போட்ட சட்டத்தை, வாசகம் தெளிவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளிவிட்டது. அப்புறம் 16 வருஷம் ஒன்றுமில்லை. 2020 பிப்ரவரியில் பிரன்ஸ்விக் அருகே ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவன் சுட்டுக் கொன்றான். வீடியோ வெளியாகி மக்கள் கொந்தளித்த பிறகு, ஜூனில் புதிய சட்டம் கையெழுத்தானது. ஆனால் முன்பே நடந்த ஆர்பெரி கொலைக்கு அது பொருந்தாது. வெறுப்புக் குற்றம் என்ற தீர்ப்பு 2022இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் கிடைத்தது.

பலர் நினைப்பதுபோல் ஜார்ஜியாவில் வெறுப்புக் குற்றம் என்பது தனிக் குற்றமில்லை. வெறுமனே திட்டினால் இந்தச் சட்டம் தொடாது. முதலில் அடிதடி, அத்துமீறல் போன்ற ஒரு குற்றம் நிரூபணமாக வேண்டும். இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், உடல் குறைபாடு போன்ற காரணத்துக்காகவே ஆளைக் குறிவைத்தான் என்பதையும் சந்தேகமறக் காட்டினால் தண்டனை கூடும். பெருங்குற்றத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு சிறை; சட்டம் பட்டியலிட்ட ஐந்து சிறு குற்றங்களுக்கு 6 முதல் 12 மாதம். காரணத்தை எதை வைத்துக் காட்டுவது? பெரும்பாலும் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை வைத்துத்தான். அப்படித் தெரிந்தால், கைது நடக்காவிட்டாலும் போலீஸ் தனி அறிக்கை எழுதியாக வேண்டும்.

இதைச் சொல்லத்தான் போன பொங்கல் விழாவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் எச்1பி வேலை விசா பற்றிக் கேட்டார்கள். சரி, அதற்கும் பதில் சொன்னேன்.

கடைக்காரர் தம்பதியை அழைத்துக்கொண்டு, கேஸ் நம்பருடன் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு தாள் கேட்டு வாங்கி, கேட்டதைக் கேட்டபடியே எழுதி, நிமிர்ந்து பார்க்காமல் அதிகாரி பக்கம் தள்ளினார். அவர் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து வேறொரு படிவத்தை எடுத்தார்.